தீயாகும் வளி

திண்டிவனத்திலிருந்து கிழக்கே சென்று மரக்காணத்தை அடைந்தால், அவ்வூரைச் சூழ உப்பளங்கள் பரந்து கிடப்பதைக் காணலாம். உவர்நீரைப் பாத்திகளில் தேக்கிக் கதிரவன் வெப்பத்தால் வற்றச் செய்து எடுக்கும் அவ்வுப்பில் ஒரு சிட்டிகையை எரியும் அடுப்பில் தூவினால், தீயின் நிறம் உடனே பளிச்சென்ற மஞ்சளாக மாறும். உப்பிட்ட உலைநீர் பொங்கி வழிந்து தீயில் விழும்போதும் இம்மஞ்சள் தோன்றி மறையும். நம் இல்லத்துப் பெண்டிர் நாள்தோறும் கண்ட காட்சி இது. ஆயினும் இக்காட்சிக்குள் எத்துணைப் பெரிய அறிவியல் உண்மை ஒளிந்திருந்தது என்பதை உலகம் உணரப் பல நூற்றாண்டுகள் ஆயின.

உப்பில் உள்ள சோடியம் என்னும் தனிமமே அம்மஞ்சள் ஒளியை வீசுகிறது. பேரியத்துக்குப் பச்சை, ஸ்ட்ரான்ஷியத்துக்குச் சிவப்பு என ஒவ்வொரு தனிமமும் வெப்பமேறிய காலத்துத் தனக்கே உரிய ஒளியை வீசும். சிவகாசியில் மத்தாப்புச் செய்வோர் கையாளுவது இவ்வியல்பையே. இவ்வொளியை முப்பட்டகக் கண்ணாடியின் வழியே செலுத்தினால் அது விரிந்து நிறமாலையாகும். அந்நிறமாலையில் ஒவ்வொரு தனிமமும் தனித்தனி ஒளிவரிகளாகத் தோன்றும். ஒருவர் கைரேகை மற்றொருவர்க்கு அமையாதவாறு போல, ஒரு தனிமத்தின் வரிகள் மற்றொன்றுக்கு அமைவதில்லை. இதனை 1859, 1860-ஆம் ஆண்டுகளில் ஜெர்மானிய நாட்டு அறிஞர்களாகிய கிர்க்காஃப், புன்சன் ஆகிய இருவரும் ஐயமற நிலைநாட்டினர். அன்று முதல், கையால் தொட இயலாத தீயையும் கண்ணால் படித்தறிய மனிதனுக்கு வழி பிறந்தது.

படித்தறிவதோ எளிதன்று. ஓர் ஒளிவரி காணப்படாமையால் அத்தனிமம் அங்கு இல்லை என்று முடிவு கட்டல் ஆகாது. வெப்பம் மிகும்போது அணுவினின்று எலெக்ட்ரான் ஒன்று கழன்று போய்விடும். எலெக்ட்ரானை இழந்த அவ்வணுவை அயனி என்பர். அயனியின் ஒளிவரிகள் வேறு. பழைய வரிகள் அதனிடம் இரா. எனவே, எவ்வெப்பநிலையில், எவ்வழுத்தத்தில், எத்தனை அணுக்கள் அயனிகளாக மாறியிருக்கும் என்று கணக்கிடத் தெரிந்தாலன்றி நிறமாலையின் பொருள் விளங்காது. அக்கணக்கை 1920-ஆம் ஆண்டில் உலகுக்கு அளித்தவர் நம் நாட்டவராகிய மேகநாத சாகா. டாக்காவை அடுத்த ஒரு சிற்றூரில் 1893-ஆம் ஆண்டில் எளிய கடைக்காரர் ஒருவர்க்கு மகனாகப் பிறந்த அவர், கல்கத்தாவில் இருந்துகொண்டே கதிரவனின் ஒளியை ஆராய்ந்து அச்சமன்பாட்டைக் கண்டார். விண்மீன்களின் வெப்பநிலையை அளப்பதற்கு அதுவே திறவுகோலாயிற்று. கதிரவனுக்கென எழுந்த அச்சமன்பாடு, பிற்காலத்தில் விண்கலத்தின் முகத்தில் மூளும் தீயையும் அளக்க உதவுவதை இப்பாடத்தில் காண்போம்.

அணுக்களும் அயனிகளும் கழன்ற எலெக்ட்ரான்களும் கலந்து திரண்ட நிலையைப் பிளாஸ்மா என்பர். 1928-ஆம் ஆண்டில் லாங்மூர் என்னும் அமெரிக்க அறிஞர் இட்ட பெயர் இது. இதற்குத் தமிழில் சொல் ஆக்க முயன்றோர் உளர். எனினும் பொருளை நன்கு உணரும் வரையில் வந்த பெயரையே ஆள்வதில் இழுக்கில்லை என்பது என் கருத்து. பிளாஸ்மாவைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஐப்பசி இரவில் வானைப் பிளக்கும் மின்னல் பிளாஸ்மாவே. மின்னலின் பாதையில் வளியானது 30,000 பாகை அளவிற்குச் சூடேறுகிறது. கதிரவனின் மேற்பரப்போ 6,000 பாகைக்கும் சற்றுக் குறைவான வெப்பமே உடையது.

விழுப்புரம் ஊரார்க்குப் பெருமை தேடித் தந்த ஒரு நிகழ்ச்சியிலும் இப்பிளாஸ்மாவுக்குப் பங்கு உண்டு. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் சந்திரயான்-3 நிலவின் தென்முனையை நோக்கிய பகுதியில் இறங்கியது. அத்திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்தில் பிறந்து, அங்குள்ள ரயில்வே பள்ளியில் பயின்று, பொறியியலில் பட்டயம் பெற்று, படிப்படியாக உயர்ந்து சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றவர். நிலவில் ஊர்ந்த பிரக்யான் என்னும் ஊர்தியில் லேசர்க் கருவி ஒன்று இருந்தது. அது நொடியின் மிகமிகச் சிறு கூறு நேரமே நீடிக்கும் ஒளித்துடிப்பை நிலவின் மண்மீது பாய்ச்சியது. மண்ணின் ஒரு துளி ஆவியாகிப் பிளாஸ்மாவாக மின்னியது. அம்மின்னலின் ஒளியை அக்கருவியே வாங்கி, நிறமாலையாக விரித்து, வரிகளைப் பதிந்து அனுப்பியது. அலுமினியம், கால்சியம், இரும்பு, குரோமியம், டைட்டானியம் ஆகியவற்றோடு கந்தகமும் அங்கு உண்டென்று தெரிய வந்தது. அடுப்பில் இட்ட உப்பும் நிலவில் சுடர்ந்த மண்ணும் இவ்வகையில் ஒரே பாடத்தையே கற்பிக்கின்றன.

இனி ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். சந்திரயான் இறங்கியபோது அதன் உடலைச் சுற்றித் தீ மூளவில்லை. நிலவில் வளி இல்லை என்று சொல்லும் அளவுக்கு அது குறைவு. ஆதலால் எஞ்சின்களின் எதிர்விசை ஒன்றையே துணையாகக் கொண்டு அது விரைவைத் தணித்தது. நில உலகுக்குத் திரும்பும் கலத்தின் நிலைமையோ வேறு. நம்மை உயிர்ப்பித்துக் காக்கும் இவ்வளிமண்டலம், விரைந்து வரும் கலத்துக்குச் சூளை போலாகிவிடும்.

எத்துணை விரைவு என்று அறிய நம் ஊர்களையே அளவுகோலாகக் கொள்வோம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர்த் தொலைவு. பேருந்து அதனைக் கடக்க முக்கால் மணி நேரமேனும் ஆகும். நில உலகைச் சுற்றிவரும் கலம் நொடிக்கு 8 கிலோமீட்டர் அளவில் ஓடுவது. அதற்கு இத்தொலைவு ஐந்து நொடி வழி. நிலவிலிருந்து திரும்பும் கலம் நொடிக்கு 11 கிலோமீட்டர் விரைவில் வந்து வளிமண்டலத்தைத் தாக்கும். அதற்கு நான்கு நொடியும் வேண்டா. அவ்விரைவில் வரும் ஒரு கிலோ எடையுள்ள பொருளின் ஆற்றல், குடத்து நீரில் இருபது கிலோவுக்கு மேல் கொதிக்க வைத்து முழுதும் ஆவியாக்கப் போதுமானது. கலம் தரையில் நிற்க வேண்டுமாயின் இவ்வாற்றல் அனைத்தையும் வழியிலேயே இழந்தாக வேண்டும்.

கலத்துக்கும் வளிக்கும் உண்டாகும் உராய்வே வெப்பத்துக்குக் காரணம் எனப் பலரும் கூறுவர். நூல்கள் சிலவும் அவ்வாறே எழுதும். உராய்வுக்கும் பங்கு உண்டு. ஆயினும் முதன்மையான காரணம் அஃதன்று. மேல்மலையனூர்த் தேரோட்டத்தை நினைத்துக் கொள்ளுங்கள். தேர் வருமுன்னே பம்பையின் ஓசை வந்துவிடும். மக்கள் ஒதுங்கி வழிவிடுவர். தேர் ஓசையினும் விரைந்து வருமாயின் என்னாகும்? ஒதுங்க வேண்டும் என்னும் செய்தியே கூட்டத்தை எட்டாது. கூட்டம் தேரின் முன்னே நெருங்கிக் குவியும். வளியின் மூலக்கூறுகளுக்கும் கலம் வருவதை முன்னே அறிவிப்பது ஒலியே. ஒலி நொடிக்கு ஒரு கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கே செல்லும். ஆகலின் 11 கிலோமீட்டர் விரைவில் வரும் கலத்தின் முன்னே வளி வழிவிட நேரமின்றி அமுங்கிக் குவிகிறது. குவிந்த வளிக்கும் அமைதியான வளிக்கும் இடையே மெல்லிய எல்லை ஒன்று எழுகிறது. அதனை அதிர்ச்சி அலை என்பர். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடேறுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அமுக்கப்பட்ட வளி சூடேறும் என்பதற்கு அதுவே சான்று. அதிர்ச்சி அலையைக் கடந்த வளியோ 10,000 பாகை அளவிற்குச் சூடேறிவிடுகிறது.

அவ்வெப்பத்தில் வளி தன் இயல்பில் நிற்பதில்லை. 2,500 பாகை அளவில் ஆக்சிஜன் மூலக்கூறுகள் உடைந்து அணுக்களாகத் தொடங்குகின்றன. 4,000 பாகை அளவில் நைட்ரஜனும் உடையத் தொடங்குகிறது. 9,000 பாகையை நெருங்கும்போது எலெக்ட்ரான்கள் கழலுகின்றன. நம் முன்னோர் ஐம்பூதங்களுள் வளியையும் தீயையும் வேறுவேறாக எண்ணினர். ஈண்டு வளியே தீயாகிறது. 'எரிதல்' என்னும் சொல்லை இவ்விடத்தில் எச்சரிக்கையுடன் ஆள வேண்டும். விறகு எரிவது போன்றதன்று இது. இங்கு விறகும் வளியே, சுடரும் வளியே.

இத்தீ கலத்தை இருவழியில் சுடுகிறது. சூடான வளி மேனியைத் தழுவிச் செல்லும்போது தொட்டுச் சுடுவது ஒன்று. தொடாமலே ஒளியாகவும் கண்ணுக்குப் புலனாகாத கதிர்களாகவும் வீசிச் சுடுவது மற்றொன்று. கொல்லன் உலைக்களத்தின் முன் சற்றுத் தள்ளி நிற்பவன் முகத்திலும் அனல் அடிப்பது இரண்டாம் வகை. நொடிக்கு 8 கிலோமீட்டர் விரைவில் இவ்விரண்டாம் வெப்பம் சிறிதே. 11 கிலோமீட்டரை எட்டும்போது ஆற்றல் இருமடங்குக்கும் சற்றுக் குறைவாகவே உயர்கிறது. கதிர்வீச்சோ அவ்வளவில் நில்லாமல் பன்மடங்கு பெருகிவிடுகிறது. இதில் ஒரு விந்தையும் உண்டு. கலத்தின் முகம் கூராக இருந்தால் தொட்டுச் சுடும் வெப்பம் மிகும். அகன்று மழுங்கி இருந்தால் அதிர்ச்சி அலை விலகி நிற்பதால் அவ்வெப்பம் குறையும். இவ்வுண்மையை 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டு ஆலன் என்பவர் கண்டறிந்தார். அம்பு போன்ற கூர்முகமே விரைவுக்கு ஏற்றது என எண்ணியிருந்த உலகம் வியப்புற்றது. ஆனால் முகம் அகன்றால் அதன் முன் நிற்கும் சுடர்ப்படலம் தடிக்கிறது. தடித்த சுடர் மிகுதியாகக் கதிர் வீசுகிறது. ஒரு வெப்பத்தைத் தணிக்கச் செய்த ஏற்பாடே மற்றொரு வெப்பத்தை வளர்க்கிறது! இரண்டையும் எடைபோட்டு ஓர் அளவில் நிற்பதே வடிவமைப்போரின் கடமை.

கணக்கில் பிழை நேர்ந்தால் வருவது என்ன? வெப்பக் கவசத்தைத் தேவைக்கு மேல் தடிமனாக அமைத்தால், கருவியும் மனிதரும் செல்ல வேண்டிய இடத்தை வீண் சுமை பற்றிக்கொள்ளும். மெல்லியதாக அமைத்தால் உயிருக்கே இறுதியாகும். கவசத்தில் குறை நேர்ந்தால் விளைவது யாது என்பதை உலகம் 2003-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் கண்டது. அமெரிக்காவின் கொலம்பியா ஓடம் புறப்பட்டபோதே, எரிபொருள் தொட்டியினின்று பெயர்ந்த நுரைத் துண்டொன்று அதன் இடச் சிறகின் முன்விளிம்பில் மோதித் துளையிட்டிருந்தது. திரும்பும் வேளையில் சுடுவளி அத்துளை வழியே உட்புகுந்து சிறகை உள்ளிருந்தே உருக்கிற்று. தரையிறங்க ஏறத்தாழக் கால்மணி நேரமே இருந்த நிலையில் ஓடம் சிதைந்தது. அரியானா மாநிலத்துக் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் உயிரிழந்தனர். அங்கு நேர்ந்தது கணக்குப் பிழை அன்று, கவசத்தின் ஊறு. ஆயினும் அச்சுடுவளியின் வலிமை எத்தகையது என்பதற்கு அதனினும் கொடிய சான்று வேண்டா.

அச்சுடரைக் கணக்கிடுவது எவ்வாறு? முதலில், அங்குள்ள வளியில் மூலக்கூறு எத்தனை, அணு எத்தனை, அயனி எத்தனை எனப் பகுத்தறிதல் வேண்டும். சுடர் நிலைபெற்று நிற்குமாயின் சாகாவின் சமன்பாடு இதற்கு உதவும். பின்னர் ஒவ்வொன்றும் வீசும் வரிகள் அனைத்தையும் கூட்ட வேண்டும். ஓர் அணு வீசிய கதிரை அடுத்த அணு விழுங்கிவிடுவதும் உண்டு. அவ்வரவு செலவையும் பார்த்தாக வேண்டும். இவை கணிப்பொறிக்கும் நெடுநேரம் வேலை தருவன.

இவற்றினும் பெரிய இடர் ஒன்று உண்டு. சுடர் நிலைபெறுவதற்கு நேரம் வேண்டும். விரையும் கலம் அந்நேரத்தைத் தருவதில்லை. பெரிய திருமணப் பந்தியில் சோறு முதல் வரிசைக்கு வந்து, பிறகு இரண்டாம் வரிசைக்கும், அதன் பிறகே கடைசி வரிசைக்கும் வருவதைக் கண்டிருப்பீர்கள். அதிர்ச்சி அலையைக் கடந்த வளியிலும் ஆற்றல் முதலில் மூலக்கூறுகளின் ஓட்டத்தைச் சேர்கிறது. பின்னர் அவற்றின் சுழற்சியை, பின்னர் அதிர்வை, அதன் பின்னரே எலெக்ட்ரான்களைச் சென்று சேர்கிறது. கடைவரிசைக்குப் பரிமாறி முடியுமுன்னே அவ்வளி கலத்தைக் கடந்து பின்னே போய்விடும். இந்நிலையில் 'வெப்பநிலை என்ன?' என்று கேட்டால் ஒரே விடை கூற இயலாது. ஓட்டத்துக்கு ஒரு வெப்பநிலை, அதிர்வுக்கு ஒரு வெப்பநிலை என இரண்டு கொண்டே கணக்கிடுவர். எவ்வரிசைக்கு எத்துணை விரைவில் ஆற்றல் சேரும் என்பதைத் தாளில் எழுதித் தீர்மானிக்க முடியாது. அளந்தே அறிய வேண்டும்.

அளப்பதற்கு நிலத்திலேயே ஓர் ஏற்பாடு உண்டு. நீண்ட எஃகுக் குழாயை மெல்லிய தகட்டால் இரண்டாகத் தடுத்து, ஒருபுறம் மிகுந்த அழுத்தத்தில் வாயுவை அடைப்பர். மறுபுறம் மேல்வானத்து வளி போன்று மெலிந்த வளி இருக்கும். தகடு உடைந்ததும் அதிர்ச்சி அலை மெலிந்த வளியினூடே பாய்ந்தோடும். குழாயின் பக்கத்தில் பதித்த சாளரத்தின் வழியே சுடரின் நிறமாலையைப் பதிந்துகொள்வர். கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கும் அங்கு நெடுங்காலம்! பெங்களூரிலுள்ள இந்திய அறிவியற் கழகத்திலும் இத்தகைய அதிர்ச்சிக் குழாய்களும் சுரங்கங்களும் அமைத்து ஆய்ந்து வருகின்றனர்.

நிலத்தில் அளந்தது வானிலும் பொருந்துமோ என்ற ஐயம் எழுவது இயல்பு. அமெரிக்கர் நிலவுக்கு மனிதரை அனுப்புமுன், 1965-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள், 'ஃபயர்-2' என்னும் சிறு கலத்தை உயரே ஏற்றி, நொடிக்கு 11.35 கிலோமீட்டர் விரைவில் வளிமண்டலத்துள் செலுத்தினர். அதன் முகத்தில் பெரிலியத் தகடுகள் வெப்பத்தை அளந்தன. படிகச் சாளரங்களின் பின் வைத்த கதிர்வீச்சுமானிகள் ஒளியை அளந்தன. ஆறு பத்தாண்டுகள் கடந்த பின்னும், புதிதாகக் கணக்கு வகுப்போர் தம் விடையை அவ்வொரு பறத்தலின் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். 2010-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் ஜப்பானியரின் ஹயபுசா கலம் ஆஸ்திரேலியப் பாலைநிலத்தின் மேலே திரும்பி வந்தபோது, அறிஞர்கள் விமானத்தில் ஏறிச் சென்று அதன் சுடரை நிறமாலைக் கருவிகளால் படம் பிடித்தனர்.

கணக்கும் அளவும் மாறுபட்டதும் உண்டு. 1995-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் கலிலியோ கலத்தின் ஆய்வுப்பெட்டி நொடிக்கு 47 கிலோமீட்டர் விரைவில் வியாழனின் வாயுமண்டலத்துள் புகுந்தது. அப்பெட்டியின் எடையில் பாதியை நெருங்கியது அதன் கவசமே. கவசத்தின் நடுமுகம் எதிர்பார்த்ததினும் குறைவாகத் தேய்ந்தது. தோள்பகுதியோ எதிர்பார்த்ததினும் மிகுதியாகத் தேய்ந்தது. தேய்மானத்துக்கு எனத் தடிமனை மிகுத்து வைத்திருந்தமையால் பெட்டி பிழைத்தது. கணக்கை மட்டும் நம்பியிருந்தால் தோள்பகுதி தாங்கியிருக்குமா என்பது கேள்விக்குரியது.

கலம் சுடருக்குள் இருக்கும்போது எலெக்ட்ரான் திரள் வானொலி அலைகளை மறித்துவிடும். சில நிமிடங்கள் உள்ளிருப்பவர்க்கும் தரையிலிருப்பவர்க்கும் பேச்சற்றுப் போகும். வழியில் திருத்தம் சொல்ல இயலாத அந்நிமிடங்களுக்காகவே எல்லாக் கணக்கும் முன்கூட்டியே முடிந்திருத்தல் வேண்டும்.

நம் நாடு இத்துறையில் இருமுறை தேர்வெழுதி வென்றது. 2007-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட 550 கிலோ எடையுள்ள மீட்புக்கலம், நில உலகைச் சுற்றிவிட்டு 22-ஆம் நாள் வங்கக் கடலில் விழுந்தது. சிலிக்கா ஓடுகள் வேய்ந்த அக்கலம் நொடிக்கு 8 கிலோமீட்டர் அளவான விரைவின் வெப்பத்தைத் தாங்கிக் காட்டியது. 2014-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள், மனிதர் அமர்வதற்கென வகுத்த வடிவில் அமைந்த பெரிய கூடு ஒன்று 126 கிலோமீட்டர் உயரத்தில் பிரிந்து, அந்தமான் அருகே குடைவிரித்துக் கடலில் இறங்கியது. அதன் விரைவு முன்னதினும் குறைவே. 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை சந்திரயான்-4 திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நிலவின் மண்ணை எடுத்து நில உலகுக்குக் கொண்டுவருவது அதன் நோக்கம். அம்மண்ணைத் தாங்கி வரும் பெட்டகம் நொடிக்கு 11 கிலோமீட்டர் அளவான விரைவில் வளியைச் சந்திக்கும். முன்னைய இரு கலங்களும் பெரிதும் தொட்டுச் சுடும் வெப்பத்தையே எதிர்கொண்டன. இப்பெட்டகத்தை வடிவமைப்போர், முகத்தின் அகலத்துக்கு ஏற்பச் சுடர் வீசும் கதிரையும் வரியாக எண்ணிக் கூட்டியாக வேண்டும்.